ஆபத்து வேளைக்கு ஆடை

“ஆள் பாதி, ஆடை பாதி” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். திருமண வீட்டுக்கும், திருவிழாவுக்கும், நேர்முகப் பரீட்சைக்கும் புறப்படும்போது இப்பழமொழி எல்லோர்க்கும் நினைவு வருகின்றது. நள்ளிரவிலே கதவைத் தட்டி, “மண் சரியும்போல் இருக்கிறது, உடனே வெளியேறுங்கள்” என்று ஒருவர் கூவும்போது இதனை நினைப்பவர் எத்தனை பேர்?

சென்ற வாரம் நம் வகுப்பில் மழை வெள்ளம், மண்சரிவு ஆகியவற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து படிக்க வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், வெளியேறு என்கின்றார்கள். எதை உடுத்திக்கொண்டு வெளியேறுவது என்பதை ஒருவரும் சொல்வதில்லையே” என்றாள். மற்ற மாணவர்கள் சிரித்து விட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. மழைக்கால இரவுகளை லயத்தின் தகரக் கூரையடியிலே கண்விழித்துக் கழித்தவள் அவள். அக்கேள்வி சிரித்து ஒதுக்கத் தக்கதன்று என்பதை நாம் அறிவோம். ஏனெனில் அதற்கு விடை தெரியாமல் ஓரிரவு நாமே திண்டாடியிருக்கின்றோம்.

அது 2016ஆம் ஆண்டு மே மாதம். சித்திரா பௌர்ணமி கழிந்து வெசாக் வரவிருந்த நாட்கள். தெரணியகலைக்கு அப்பால் ஒரு தோட்டத்திலே வசிக்கும் நம் மனைவியாரின் தமையனார் வீட்டுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். மூன்று நாட்களாக மழை ஓயவில்லை. இறப்பர் மரங்களுக்கிடையே ஓடைகள் புதிது புதிதாய்ப் பிறந்தன. கீழே சீதாவாக்கை ஆற்றின் இரைச்சல் வீட்டுக்குள்ளே கேட்டது. 16ஆம் திகதி இரவு பத்து மணிக்குமேல், தோட்டத்து இளைஞர் இருவர் டோர்ச் விளக்கோடு வந்து, மேல்வரிசை வீடுகளில் உள்ளவர்கள் அனைவரும் பாடசாலைக் கட்டடத்துக்குப் போய்விட வேண்டுமென்று சொல்லிச் சென்றனர்.

அடுத்து நடந்தவற்றை நினைத்தால் இன்றும் நாணமாக இருக்கின்றது. மின்சாரம் நின்றுவிட்டது. நாம் சாரத்துடன் இருந்தோம். கல்லூரி ஆசிரியர் சாரத்துடன் ஊரார் முன் செல்வதா என்றெண்ணிக் காற்சட்டையைத் தேடினோம். மதினியார் இரவுச் சட்டையோடு வெளியே வரமாட்டேன் என்று உறுதியாக மறுத்து, இரும்புப் பெட்டியைத் திறந்து, மெழுகுதிரி வெளிச்சத்திலே சேலைக்குக் கொசுவம் வைத்துக் கொண்டிருந்தார். சிறுவனுக்கு ஒரு சப்பாத்து அகப்பட்டது, மற்றது அகப்படவில்லை. “போதும், கிளம்புங்கள்” என்று மைத்துனர் கத்தினார். நாம் வாசற்படி தாண்டியபோது ஏறத்தாழ அரைமணி நேரம் கழிந்திருந்தது. பேரம்மையாகிய அம்மாயி ஒருவர்தான் எதையும் தேடாமல், உடுத்தியிருந்த நூற்சேலையோடு, தயாராகத் திண்ணையில் அமர்ந்திருந்தார்.

பாடசாலை ஒரு மைல் தொலைவுதான். பாதையின் சேறு நம் இரப்பர்ச் செருப்புகளை ஒவ்வொன்றாகப் பறித்துக் கொண்டது. மதினியாரின் சேலை நனைந்து கால்களோடு ஒட்டிப் பின்னிக் கொண்டது. ஒரு கையால் சேலையைத் தூக்கி, மறு கையால் பிள்ளையைப் பிடித்து நடந்தவருக்கு, வழுக்கும் இடத்தில் பற்றிக்கொள்ள மூன்றாவது கை இல்லை. இரு முறை விழுந்தார். பாடசாலையை அடைந்தபோது அம்மாயி நடுங்கிக் கொண்டிருந்தார். சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது. நாம் ஆறுதல் அடைந்தோம். ஆனால் பக்கத்தில் இருந்த கொழுந்தெடுக்கும் தாய் ஒருவர், அம்மாயியின் பேச்சுக் குழறுவதைக் கண்டு பதறினார்.

“மாஸ்டரய்யா, ஈரத்தைக் கழற்றாமல் எத்தனை போர்த்தினாலும் சூடு ஏறாதுங்க. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க” என்றார். பெண்கள் சிலர் படங்கை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, ஈரச் சேலையை அகற்றி, உலர்ந்த கம்பளியைச் சுற்றி, அம்மாயியைத் தமக்கும் தம் மகளுக்கும் நடுவே அணைத்தாற்போல் அமர்த்திக் கொண்டார். அவருடைய கம்பளி மட்டும் எப்படி உலர்ந்திருந்தது? அதனைப் பொலித்தீன் உறையிலே முடிந்து, கதவருகே ஆணியில் தொங்கவிட்டிருந்தாராம். தட்டியவுடன் எடுத்துக்கொண்டு, தட்டியவர்களோடு கூடவே நடந்து வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தின் பின் அம்மாயி தெளிந்து, சீனி போட்ட சாயத் தண்ணீர் கேட்டார். நமக்கு உயிர் வந்தது.

அன்றிரவு எங்கள் லயத்துக்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும் நாம் கடந்து வந்த பாதையில் ஒரு பகுதி விடிவதற்குள் அறுந்து போயிருந்தது. மறுநாள், மே 17ஆம் திகதி, அதே கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை மண்ணுக்குள் கொண்டது. புளத்கொஹுபிட்டியவின் களுபான தோட்டத்திலே லயத்தின்மேல் மண் விழுந்து தொழிலாளர் குடும்பங்கள் மாண்டன. நாம் காற்சட்டை தேடிய அந்த அரைமணி நேரத்தின் விலை என்னவென்று அப்போதுதான் விளங்கிற்று.

சபரகமுவ மக்களுக்கு இக்கதை புதிதன்று. பல இடங்களில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பகுதி இது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிலே பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டன. 2017 மே மாதத்தில் இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்கள் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அழிவுற்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலி கொண்டது. ஆபத்தற்ற நிலத்திலே உறுதியான வீடு கிடைப்பதுதான் இம்மக்களுக்கு உரிய பாதுகாப்பு. எந்த ஆடையும் சரியும் மலையைத் தடுத்து நிறுத்தாது. ஆனால் அவ்வீடு கிடைக்கும் வரையில், கதவைத் தட்டும் ஓசைக்கும் வாசற்படியைத் தாண்டுவதற்கும் இடையிலுள்ள நேரத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கின்றது. அந்த நேரத்தைத் தின்பவற்றுள் ஆடையும் ஒன்று என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

முதலில் குளிரைப் பற்றி அறிந்து கொள்வோம். பனி பெய்யாத நம் நாட்டில் குளிரால் ஆபத்தா என்று சிலர் வியப்பர். மனித உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் மருத்துவர் அதனை ஆபத்து நிலை என்கின்றனர். இதற்குப் பனிக்கட்டி வேண்டியதில்லை. நனைந்த உடலும், வீசும் காற்றும், வெறும் வயிறும், சில மணி நேரமும் போதும். அசைவற்ற காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகின்றது. ஈர ஆடை உடலோடு ஒட்டியிருக்கும்போது, உடற்சூடு இடைவிடாமல் வெளியேறிக் கொண்டேயிருக்கும். குழந்தைகளும் முதியோரும் விரைவில் சூட்டை இழப்பர். நடுக்கம் என்பது உடல் தன்னைத் தானே சூடேற்றிக்கொள்ளச் செய்யும் முயற்சி. உடல் இன்னும் குளிர்ந்திருக்க நடுக்கம் மட்டும் நின்றுபோய், பேச்சுக் குழறி, உறக்கம் மேலிடுமானால், அது தேறுதலின் அடையாளமன்று. ஆபத்து முற்றியதன் அடையாளம். அன்றிரவு நாம் ஆறுதல் அடைந்த அந்தக் கணமே அஞ்சியிருக்க வேண்டிய கணம்.

அத்தகையவரைக் காற்றுப்படாத இடத்தில் அமர்த்தி, ஈரத்தை நீக்கி, உலர்ந்த துணியாற் சுற்றி, தலையையும் மூடி, மற்றவரின் உடற்சூட்டைக் கொடுத்தல் வேண்டும். தெளிவாக விழித்திருந்து விழுங்கக் கூடியவராயின் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கைகால்களை அழுத்தித் தேய்த்தல் ஆகாது. “ஒரு வாய் சாராயம் கொடுத்தால் சூடேறும்” என்போர் எவ்வூரிலும் உண்டு. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விரட்டுவது. சூடேறியதாகத் தோன்றுவது வெறும் மயக்கமே. தாமதியாமல் மருத்துவ உதவியை நாடுவதே முறை.

இனி, எத்துணி நல்லது? பருத்தி நம் வெப்ப நாட்டுக்குத் தாய் போன்றது, அதில் ஐயமில்லை. எனினும் மழையில் அதுவே பகையாகின்றது. பருத்தியிழை நீரை ஏராளமாக உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும், எளிதில் உலராது, நனைந்ததும் இழைகளுக்கிடையே இருந்த காற்று வெளியேறிவிடுவதால் சூடு காக்கும் தன்மையை இழந்துவிடும். தடித்த ஜீன்ஸ் காற்சட்டை அணியும் இளைஞர் இதனை நன்கு கவனிக்க வேண்டும். உலர்ந்திருக்கையில் உறுதிமிக்க அவ்வுடை, நனைந்தபின் காலிற் கட்டிய கல்லாகிவிடும்.

கம்பளியின் இயல்பு வேறு. ஆட்டு மயிர் சுருள் சுருளாக இருப்பதால், நனைந்த பின்பும் அதனிடையே சிறிது காற்றுத் தங்குகின்றது. தன் எடையில் மூன்றிலொரு பங்கு அளவு ஈரத்தை உள்வாங்கிய பின்பும் அது தொடுகைக்கு ஈரமாகத் தோன்றுவதில்லை. நம் முன்னோர் தேயிலை மலையிலே கறுப்புக் கம்பளியைத் தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொண்டு கொழுந்து பறித்தது அழகுக்காகவா? தோட்ட நிருவாகம் கம்பளியைக் கொடுத்து, அதன் விலையைக் கூலியிலே கழித்துக் கொள்வது அக்கால வழக்கம். நம்மவர் உழைத்துக் கடன் அடைத்து வாங்கிய பொருள் அது. பழைய கம்பளி வீட்டில் இருக்குமானால், அதனைச் சாக்குப்போல் கால்மிதியாகப் போட்டுவிடாதீர்கள்.

பொலியெஸ்டர் முதலிய செயற்கை இழைகள் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். உதறிப் பிழிந்தால் விரைவில் உலரும், எடை ஏறாது. பழைய துணிக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செயற்கை இழைச் சுவெட்டர்களும், விளையாட்டு வீரர் அணியும் மெல்லிய முழுக்கைச் சட்டைகளும் இவ்வகையில் மிக உதவுவன. இவற்றில் ஒரு குறை உண்டு. அடுப்பு நெருப்போ மண்ணெண்ணெய் விளக்கோ பட்டால் இவ்விழைகள் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு கொடிய புண் செய்யும். ஆகவே இவற்றை அணிந்துகொண்டு அடுப்பருகே குந்தியிருத்தல் கூடாது.

தடித்த உடை ஒன்றைவிட மெல்லிய உடைகள் இரண்டு மேல். இரண்டுக்குமிடையே தங்கும் காற்றே போர்வை. நடக்கும்போது வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். ஓய்ந்திருக்கும்போது மீண்டும் அணியலாம். வேர்வையில் நனைவதும் மழையில் நனைவதும் உடலுக்கு ஒன்றே.

துணியின் வகையைப் போலவே உடையின் அமைப்பும் முக்கியமானது. இவ்விடத்தில் தாய்மார் நம்மைக் கோபித்துக் கொள்ளலாகாது. சேலையின் அழகையும் மாண்பையும் நாம் மறுப்பவரல்லர். ஆயினும் ஆறு கெஜத் துணி நனைந்து காலைக் கட்டும்போது, அது விரைந்து நடக்கவோ, ஏறவோ, வெள்ளத்தில் நிற்கவோ விடாது. 1991 ஏப்ரல் 29ஆம் திகதி வங்காளதேசத்தைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். இறந்தோருள் பெண்களின் தொகை மிகுந்திருந்தமைக்குக் கூறப்பட்ட காரணங்களுள் கால்களைத் தடுக்கும் சேலையும் ஒன்று. 2004 திசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின், இந்தோனேசியாவின் அச்சேயிலும் தமிழ்நாட்டின் கடலூரிலும் ஆராயப்பட்ட ஊர்கள் பலவற்றில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக மாண்டதை ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் எடுத்துக் காட்டியது. பிள்ளைகளைத் தேடி நின்றமை, நீந்தவும் மரமேறவும் பழகாமை எனக் காரணங்கள் பல. ஆடை அவற்றுள் ஒன்றேயாயினும், முன்கூட்டியே நாம் எளிதில் மாற்றக் கூடியது அதுதான்.

என்ன செய்யலாம்? நம் பெண்பிள்ளைகள் உடுத்தும் பஞ்சாபி இதற்கு நல்ல உடை. காலைத் தனித்தனியே மூடும் காற்சட்டை. தொடை வரை இறங்கும் மேற்சட்டை. மானத்துக்கும் குறைவில்லை, நடைக்கும் தடையில்லை. அதன் நீண்ட சால்வையைக் கழுத்தைச் சுற்றித் தொங்கவிடாமல் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்; தேவையான வேளையில் அதுவே குழந்தையைக் கட்டும் தூளியாகும், காயத்துக்குக் கட்டாகும். பஞ்சாபி உடுத்திப் பழகாத மூத்த தாய்மார், சேலைக்கு அடியில் மகனின் பழைய நீளக் காற்சட்டை ஒன்றை அணிந்து, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக் கொள்ளலாம். மலையில் வேலை செய்யும் பெண்கள் சேலையை உயர்த்திச் செருகி, இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டுவதைப் பாருங்கள். வேலை கற்றுத் தந்த உடை அது. ஆண்களுக்கும் இதுவே சொல்வோம்: சாரம் வீட்டுக்கு உரியது. மழை இரவில் இடுப்பில் நாடா உள்ள காற்சட்டையோடு உறங்குங்கள். அட்டைக் கடிக்கும் முள்ளுக்கும் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையுமே காப்பு.

அடுத்துப் பாதங்கள். வெளியேறும் வழியில் தகரமும் கண்ணாடித் துண்டும் ஆணியும் சேற்றில் மறைந்து கிடக்கும். செருப்பைச் சேறு பறித்துவிடும். முழங்கால் வரையுள்ள இறப்பர்ச் சப்பாத்துக்குள் ஓடும் நீர் புகுந்துவிட்டால் அது காலை இழுக்கும். நாடா கட்டும் பழைய கன்வஸ் சப்பாத்தே இதற்கு மிகப் பொருத்தமானது. பாடசாலைக்கு இனி உதவாதென ஒதுக்கியதே போதும். ஆயினும் எச்சப்பாத்தை அணிந்தாலும் ஓடும் வெள்ளத்தைக் கடக்க முயலாதீர்கள். முழங்காலளவு வேகநீர் வளர்ந்த ஆடவனையும் சாய்த்துவிடும். வெள்ளம் வடிந்தபின் வீட்டைத் துப்புரவு செய்யப் போகும்போது, உயர்ந்த இறப்பர்ச் சப்பாத்து தன் பயனைக் காட்டும். எலியின் சிறுநீர் கலந்த நீர் காலிலுள்ள சிறு கீறல் வழியே புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் இக்காய்ச்சலை நன்கறிந்தவை.

தலைக்கு என்ன? குடை காற்றில் மடங்கும். ஒரு கையையும் பறித்துக்கொள்ளும். சாக்கின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் செருகித் தலையிலே போடும் கொங்காணியை நம் பாட்டனார் காலத்தில் கண்டிருக்கின்றோம். இரு கையும் ஓய்வாக இருக்க, தலையும் முதுகும் காக்கப்படும். சாக்கு நனைந்து கனக்குமாதலால், இன்று தடித்த பொலித்தீன் படங்கிலே அவ்வாறே செய்து கொள்ளலாம். யப்பான் நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் பிள்ளைகள் பஞ்சு வைத்துத் தைத்த முக்காடு ஒன்றைத் தம் கதிரையில் மெத்தையாகப் போட்டு அமர்ந்திருப்பர். பூமி அதிர்ந்தால் அதே மெத்தையைத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியேறுவர். போர்க்காலத்தில் விமானக் குண்டுக்கு அஞ்சித் தைத்த முக்காடு, இன்று பூகம்பத்துக்குக் காவலாகியுள்ளது. அன்றாடம் உதவும் பொருளே ஆபத்திலும் கைக்கு எட்டும் என்பதை அச்சிறுவர் நமக்குக் கற்பிக்கின்றனர்.

நிறத்தையும் மறந்துவிடலாகாது. கறுப்பும் கடும்பச்சையும் அழுக்குத் தெரியாமல் இருக்க நல்லவை; இருளில் தேடுவோர் கண்ணுக்கும் அவை தெரியமாட்டா. பிள்ளைகளுக்கு மஞ்சளோ செம்மஞ்சளோ வெள்ளையோ மேலே இருக்கட்டும். கழுத்திலே கயிற்றில் விசில் ஒன்றைக் கட்டுவதைவிட, சட்டையில் ஊக்கினாற் குத்தி வைப்பது நல்லது. கழுத்துக் கயிறு கிளையில் மாட்டினால் ஆபத்து.

இவையெல்லாம் எப்போது? இதற்கு அரசாங்கத்தின் எச்சரிக்கையே நல்ல கடிகாரம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பும், 100 மில்லிமீற்றராயின் ஆயத்தமும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேற்றமும் வேண்டும் என்பது அதன் பொதுவான அளவு. மஞ்சள் எச்சரிக்கை வந்தால், மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். செம்மஞ்சள் வந்தால், வெளியே செல்லத்தக்க உடையோடு உறங்குங்கள். சப்பாத்து தலைமாட்டில் இருக்கட்டும். சிவப்பு வந்தால், எழுந்து நடங்கள்; மாற்றுவதற்கு ஒன்றும் இருத்தலாகாது. எச்சரிக்கை வருமுன்பே சுவரில் புதிய வெடிப்போ, மரங்களின் சாய்வோ, ஊற்று நீரில் திடீர்ச் சேறோ கண்டால், சிவப்பு நிறத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் 117 என்பதைப் பிள்ளைகளும் மனனம் செய்து கொள்ளட்டும்.

மூட்டை என்றோமே, அதில் என்ன இருக்கும்? ஒவ்வொருவர்க்கும் உலர்ந்த மாற்றுடை ஒன்று, சூடான மேற்சட்டை ஒன்று, காலுறை ஒரு சோடி, துவாய் ஒன்று. குடும்பத்துக்குக் கம்பளி ஒன்று. குழந்தைக்குத் துணிகள், பெண்களுக்கு மாதவிலக்குத் துணிகளும் உள்ளாடைகளும், முதியவர்க்குத் தலைக்கு ஒரு துணி. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அன்றாடம் உண்ணும் மருந்து ஆகியன வேறொரு சிறிய உறையில். எல்லாவற்றையும் இரட்டைப் பொலித்தீன் பையில் இட்டுக் காற்றை வெளியேற்றி முடிந்து, முதுகில் மாட்டும் பழைய பாடசாலைப் பையில் வைத்தால், கைகள் இரண்டும் பிள்ளைகளைப் பிடிக்க ஓய்வாக இருக்கும். இதற்காக ஒரு சதமும் செலவழித்துப் புதிதாக வாங்க வேண்டாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் புத்தாடை எடுக்கும்போது, கழிக்கும் பழையவற்றில் நல்லவற்றை மூட்டையில் மாற்றி வைப்பதை ஒரு வழக்கமாகக் கொள்ளலாம். பிள்ளைகள் வளர்கின்றார்கள், போன ஆண்டுக் காற்சட்டை இவ்வாண்டு ஏறாது.

இன்னொன்று சொல்லாமல் முடிப்பது முறையன்று. மதினியார் அன்று சேலை கட்ட நின்றதை நாம் பலமுறை கேலி செய்ததுண்டு. ஒரு நாள் அவர், “அண்ணே, நீங்க காற்சட்டை தேடினதை யாரும் கேலி பண்ணலையே” என்றார். நாம் வாயடைத்துப் போனோம். பாடசாலை மண்டபத்திலே, அறியாத ஆடவர் நடுவே, நனைந்து ஒட்டிய இரவுச் சட்டையோடு விடியும்வரை இருக்க வேண்டிய நிலையை அவர் கதவருகிலேயே நினைத்துப் பார்த்துவிட்டார். அது அறியாமையன்று, நியாயமான அச்சம். அவ்வச்சத்தைக் கேலியால் போக்க முடியாது. ஆயத்தத்தால்தான் போக்க முடியும். மானத்துக்கும் உயிருக்கும் இடையே ஒன்றைத் தெரிந்தெடுக்கும்படி எந்தப் பெண்ணையும் நள்ளிரவிலே நிறுத்தலாகாது. இரண்டையும் காக்கும் உடையைப் பகலிலேயே தெரிந்து வைப்பது குடும்பத்து ஆடவர்க்கும் உரிய கடமை. தங்குமிடத்திலே பெண்கள் உடை மாற்றுவதற்குப் படங்கு கட்டி ஒரு மூலையை மறைத்துக் கொடுப்பது, உணவு சமைப்பதற்கும் முந்திய வேலையாகட்டும்.

அம்மாயி அதன்பின் மூன்றாண்டு வாழ்ந்து, தம் கட்டிலிலே, தம் மக்கள் சூழ, அமைதியாகக் கண்மூடினார். அவருடைய பெட்டியில் இருந்த பட்டுச்சேலையைப் பேத்தி எடுத்துக் கொண்டாள். கதவருகே ஆணியில் தொங்கிய மூட்டையை மதினியார் எவருக்கும் கொடுக்கவில்லை. அது இன்றும் அங்கேதான் தொங்குகின்றது. மஞ்சள் எச்சரிக்கை வரும்போதெல்லாம் அவிழ்த்து வெயிலிற் போட்டு மீண்டும் முடிந்து வைக்கின்றார்.

கேள்வி கேட்ட மாணவிக்கு நாம் வகுப்பிலே கொடுத்த விடையும் இதுவே. “அம்மா, நடக்கவும் ஏறவும் முடிகிற உடை, நனைந்தால் கனக்காத உடை, எவர் முன்னும் கூசாமல் நிற்கக்கூடிய உடை. அதை மழைக்கு முன்னே உடுத்திப் படுத்துக்கொள்.” அவள் குறித்துக் கொண்டாள். சிரித்தவர்களும் குறித்துக் கொண்டார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, கதவருகே ஓர் ஆணி அடியுங்கள். மற்றவை தாமே நடக்கும்.